கையில இருக்கற பச்சை கல்லு ஜேடா செர்பன்டைனானு வீட்டுலயே பாக்கறது எப்படி

ஜேடுன்னு சொல்லி யாராவது பச்சை கல்லு குடுத்தா உடனே நம்பிடாதீங்க, நான் அப்படி நம்பி ஆன்லைன்ல ஒரு வளையல் வாங்கி ரெண்டே மாசத்துல சாவிக்கொத்து உரசி கோடு கோடா ஆயிடுச்சு. 'நியூ ஜேடு'ன்னு பேர் போட்டிருந்தா சந்தேகமே வேணாம், அந்த பேர்ல விக்கறது செர்பன்டைன் தான். மோசமான கல்லுன்னு இல்ல, அழகாத்தான் இருக்கும், ஆனா ஜேடு இல்ல.

செர்பன்டைன்ங்கற பேர்லயே பாம்பு இருக்கு. ஊர்ந்து போறதுங்கற அர்த்தத்துல லத்தீன்ல செர்பென்ஸ், நம்ம வாயில வர்ற சர்ப்பம் சமஸ்கிருதம் வழியா வந்த அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. வளைஞ்சு நெளிஞ்சு போற ரோட்டையும் அதே பேர்ல தான் சொல்றாங்க. கிரேக்கத்துல பாம்பு ஓஃபிஸ், அதை வச்சு 1813ல பிரான்ஸ்காரர் ப்ரோங்னியார் ஒஃபியோலைட்னு ஒரு பாறைக்கு பேர் வச்சாரு. ஆனா செர்பன்டைன்ல லிஸார்டைட்னு ஒரு வகை இருக்கு, அதுக்கும் பல்லிக்கும் சம்பந்தமே இல்ல, இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் இருக்கற லிஸார்ட் தீபகற்பத்தோட பேரு அது.

சரி, முதல்ல வெளிச்சத்துல வச்சு பாருங்க. பாம்புத்தோல் மாதிரி அடர்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டா, நடுவுல கருப்பு புள்ளி, தொட்டா மெழுகு தடவின மாதிரி வழவழப்பு, இதெல்லாம் இருந்தா செர்பன்டைனா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா கண்ணை மட்டும் நம்பாதீங்க, என் கண்ணு தான் என்னை ஏமாத்துச்சு.

அடுத்தது கத்தி. அடிப்பக்கம் யாரும் பாக்காத இடத்துல கத்தி முனையால லேசா ஒரு இழுப்பு. கல்லு எவ்வளவு கெட்டின்னு சொல்ற மோஸ் அளவுல செர்பன்டைன் பெரும்பாலும் 2.5ல இருந்து 4 வரைக்கும் தான், கத்தி 5.5 சுமார், அதனால கோடு விழும். ஜேடுல நெஃப்ரைட், ஜேடைட்னு ரெண்டு வகை, நெஃப்ரைட்டே 6க்கு மேல, விழாது. இங்க ஒரு விஷயம், கெட்டியான கல்லுல கத்தியோட இரும்பே தேஞ்சு சாம்பல் கலர்ல கோடு மாதிரி நிக்கும், ஈர விரலால தேய்ச்சு பாருங்க, போயிட்டா அது கீறல் இல்ல. போவனைட்னு ஒரு கெட்டி செர்பன்டைன் வேற இருக்கு, அது கத்திக்கு டிமிக்கி குடுத்துடும், அதனால தான் எடை டெஸ்ட்டும் சேர்த்து பண்ணனும்.

0.1 கிராம் வரைக்கும் காட்டற தராசு வேணும். கல்லை முதல்ல அப்படியே நிறுத்துக்கோங்க, 52 கிராம்னு வைங்க. அப்புறம் தண்ணி ஊத்தின டம்ளரை தராசுல வச்சு ஜீரோ ஆக்கிட்டு, கல்லை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி, டம்ளர் அடியிலயும் ஓரத்துலயும் படாம தொங்க விடுங்க. தராசு 20 காட்டுனா 52ஐ 20ஆல வகுங்க, 2.6. அது செர்பன்டைன் கணக்கு. அதே கல்லு நெஃப்ரைட்டா இருந்தா 17.6 கிட்ட காட்டும், வகுத்தா 2.95. ஜேடைட்டுக்கு 3.3 வரும். கல்லு மேல காத்துக்குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுட்டு பாருங்க, இல்லன்னா கணக்கு தப்பும்.

2.6 வந்ததும் முடிச்சுடாதீங்க, பச்சை குவார்ட்ஸும் 2.65 தான். அது கண்ணாடியை சுலபமா கீறும், செர்பன்டைன் கீறாது, அதோட வித்தியாசம் தெரிஞ்சுடும்.

காந்தம் லேசா ஒட்டுதேன்னு பயப்படாதீங்க. ஆலிவின்ங்கற தாது தண்ணியோட சேர்ந்து செர்பன்டைனா மாறும்போது அதுல இருக்கற இரும்பு, காந்தம் ஒட்டற மேக்னடைட்ங்கற தாதுவா ஒதுங்கும், அந்த கருப்பு புள்ளி பெரும்பாலும் அது தான்.

முக்கியமான எச்சரிக்கை: கல்லுல பட்டுநூல் மாதிரி பளபளன்னு நார் நாரா ஓடுற கோடு தெரிஞ்சா கத்தியே வைக்காதீங்க. செர்பன்டைன் குடும்பத்துல கிரைசோடைல்னு ஒண்ணு இருக்கு, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்னு சொல்றது அதைத்தான், அந்த தூசி நுரையீரல் போனா கேன்சர் வரைக்கும் இழுத்துட்டு போகும். நார் தெரியாத கல்லா இருந்தாலும் காஞ்ச நிலையில அறுக்கவோ உப்புத்தாள் போட்டு தேய்க்கவோ வேணாம். நார் தெரியற கல்லை ஜிப் கவர்ல போட்டு மூடி வச்சுட்டு, தண்ணி டெஸ்ட்டையும் விட்டுடுங்க, நார் இருக்கறதே செர்பன்டைன்னு சொல்ல பெரிய துப்பு தான்.