உருளைக்கிழங்கு வேர் அல்ல: தாவரப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர், வண்ணமாக இருப்பதெல்லாம் இதழ் என்று முடிவு கட்டிவிடுவதுதான் தாவரங்களைப் படிக்கத் தொடங்குவோர் செய்யும் முதல் தவறு. ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, அது எதிலிருந்து உருவானது என்பதே அதன் பெயரைத் தீர்மானிக்கிறது. உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒன்றை உற்றுப் பாருங்கள்: பிறை போன்ற ஒரு தழும்பும் அதையொட்டிச் சில சிறு மொட்டுகளும் தெரியும். அந்தத் தழும்பு, செதில் இலை ஒன்று ஒட்டியிருந்த இடம். மொட்டுகள் அந்த இலையின் கோணத்தில், அதாவது இலையும் தண்டும் சேரும் இடுக்கில், தோன்றியவை. இலையும் கோணமொட்டும் சேர்ந்திருக்கும் இடம் கணு. கணு இருந்தால் அது தண்டு. இஞ்சியும் மஞ்சளும் இவ்வாறே தண்டுகள். சர்க்கரைவள்ளியில் கணுக்கள் இல்லை. அதிலிருந்தும் தளிர் கிளம்புகிறது என்பதற்காக அதைத் தண்டு என்று எழுதிவிடக் கூடாது, அது வேர்தான். வெங்காயத்தில் அடித்தட்டு மட்டுமே தண்டு. நாம் உரிக்கும் அடுக்குகள் இலைகளின் அடிப்பகுதிகள். காகிதப்பூவின் வண்ணத் தாள்கள் பூவடிச் செதில்கள், அதாவது பூவுக்கு அடியில் இருக்கும் உருமாறிய இலைகள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே சிறு குழல்களாக நிற்கின்றன.

வளர்ச்சியைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. மரத்தண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் அடித்த ஆணி 20 ஆண்டுகளுக்குப் பிறகு எந்த உயரத்தில் இருக்கும் என்று கேட்டால், மரத்தோடு அதுவும் மேலே போயிருக்கும் என்பதே பலரது பதில். ஆணி அதே ஒரு மீட்டரில்தான் இருக்கும். ஏனெனில், விலங்கின் உடலைப் போல மரம் முழுவதும் ஒருசேர நீள்வதில்லை. கிளை நுனிகளிலும் வேர் நுனிகளிலும் உள்ள, புதிய செல்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும் ஆக்குத்திசுவே நீளத்தைக் கூட்டுகிறது. தண்டின் நடுப்பகுதி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள கேம்பியம் என்ற ஆக்குத்திசு அடுக்கால் பருக்க மட்டுமே செய்யும் என்பதால், ஆணி உயராமல் மரத்துக்குள் புதைந்து போகலாம். பனை, தென்னை போன்றவற்றில் இந்தக் கேம்பியம் இல்லை. எனவே அவற்றில் ஆண்டு வளையங்களை எண்ணி வயது சொல்ல முயல்வது வீண். புல்லுக்கோ இலையின் அடியிலேயே ஆக்குத்திசு உண்டு. நுனியை வெட்டினாலும் அது மீண்டும் வளர்வது அதனால்தான்.

‘வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது’ என்ற வாக்கியத்தை விடைத்தாளில் கண்டால் தயங்காமல் அடித்துவிடலாம். பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மாண்ட், ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை எடைபோட்ட மண்ணில் நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் சுமார் 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 57 கிராம். அவர் இறந்த பிறகு, 1648இல் இம்முடிவு வெளியானது. எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவரும் தவறாக எண்ணினார். உலர் எடையின் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பங்கு பிரிப்பதும் தவறு. சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது.

இனப்பெருக்கத்தில் மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. மக்காச்சோளக் கதிரில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் ஒரு சூலகத்துக்கு உரியது. இழையில் மகரந்தத்தூள் ஒட்டுவது சேர்க்கை. அதிலிருந்து மகரந்தக் குழல் இழையின் நீளம் முழுவதும் வளர்ந்து சூலை அடைந்த பின்னரே கருவுறுதல். எந்த இழைக்கு இது நிறைவேறவில்லையோ, கதிரில் அந்த இடம் மணியின்றிப் பொக்கையாக நிற்கும். குழல் வழியே வரும் இரு ஆண் கேமீட்டுகளில் (இனச்செல்களில்) ஒன்று முட்டையுடனும் மற்றது சூலுக்குள் இருக்கும் மையச் செல்லின் உட்கருக்களுடனும் இணைகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் விவரித்தார். இரண்டாவது இணைவிலிருந்து உருவாவது கரு அல்ல, கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை. தேங்காய்ப் பருப்பும் இளநீரும் அதுவே.

அரிதாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். மரபுத்தொடராக அதில் குறையில்லை; ஆனால் அத்தி பூக்காமல் காய்க்கிறது என்று அதிலிருந்து முடிவு செய்வது தவறு. இளம் அத்திக்காய் ஒன்றை நெடுக்காக வெட்டினால், உட்சுவர் முழுவதும் சிறு பூக்கள் நெருக்கமாகப் படிந்திருப்பதைக் காணலாம். காயின் நுனியில் உள்ள துளை வழியாக நுழையும் சிறு குளவிகளே அவற்றுக்கு மகரந்தம் கொண்டுவருகின்றன.