"எங்க வம்சமே சளி உடம்பு"ன்னு சொல்லி நாம பண்ற தப்புங்க

முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுற படைப்புக்கு காரைக்குடி பக்கம் எல்லாரும் ஊருக்கு வந்து கூடுனா மூணாம் நாள் பாதி வீடு தும்மும். ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டவங்கதான், ஆனா ஒருத்தருக்கு மூக்கு ஒழுகும், ஒருத்தருக்கு நெஞ்சு வரைக்கும் இறங்கிடும், இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இருக்காது. உடனே அப்பத்தா "அது அவங்க ஆயா வீட்டு வாகு"ன்னு முடிச்சுருவாங்க. கொஞ்சம் உண்மைதான், ஆனா அந்த ஒரு வார்த்தைய நம்பி நாம பண்றதெல்லாம் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.

எல்லாத்தையும் ஜீன் மேல போடுறது முதல் தப்பு. 2015ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 105 ஜோடி இரட்டையர்கள சோதிச்சப்ப, எதிர்ப்பு சக்தில அளந்து பாத்த விஷயங்கள்ல முக்கால்வாசிக்கு பரம்பரைய விட மத்த காரணங்கள்தான் பெருசா இருந்துச்சு. சளிக்கு முக்கியக் காரணமான ரைனோவைரஸ்லயே 160 வகைக்கு மேல இருக்கு, போன மாசம் வந்த சளி இந்த மாச சளியத் தடுக்காது, அதனால ஸ்கூல் போற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு எட்டு தடவ வர்றது சாதாரணம்தான். தூக்கமும் பெரிய காரணம். மூக்குல வைரஸ் சொட்டு விட்டுப் பாத்த ஒரு ஆராய்ச்சில ஆறு மணி நேரத்துக்குக் கீழ தூங்குறவங்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல தூங்குறவங்கள விட நாலு மடங்கு சளி பிடிச்சுச்சு, நாம படைப்பு வீட்ல விடிய விடிய பேசிக்கிட்டு இருக்கோம்.

இதுக்கு நேர் எதிர் தப்பு இன்னும் மோசம், ஜீன் நெசமாவே வேலை செய்ற இடத்துல "வம்ச சளி"ன்னு விட்டுர்றது. சிடிஎச்ஆர்3ன்னு ஒரு ஜீன், அது செய்ற புரதம் மூச்சுக்குழாய் செல்லு மேல உக்காந்திருக்கும், ரைனோவைரஸ்ல சிங்கற பிரிவு அதப் பிடிச்சுத்தான் உள்ள நுழையும். அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா செல்லு மேல அந்தப் புரதம் கூடுதலா வந்துரும், அந்தப் பிள்ளைங்களுக்கு ஆஸ்துமா கடுமையாகி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வர்றது அதிகம். ஒவ்வொரு சளிக்கும் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு (வீசிங்) வருதுன்னா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, "இன்ஹேலர் பழகிரும்"னு பயந்து நிறுத்தாதீங்க. ஆன்டிபயாடிக்க நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, அது வைரஸ ஒண்ணும் பண்ணாது.

ரொம்ப அபூர்வமா ஐஎஃப்ஐஎச்1ங்கற ஜீன் அப்பச்சி வழி ஆத்தா வழி ரெண்டுலயும் பழுதாகி வந்தா, உள்ள வைரஸ் வந்தத செல்லுக்குச் சொல்ற காவக்காரனே இல்லாமப் போயிரும், சாதாரண சளி வைரஸுக்கே பிள்ளை ஐசியூ வரைக்கும் போயிருக்கு, 2017ல ஆராய்ச்சியாளருங்க இத எழுதியிருக்காங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ணா ரெண்டு வழியிலயும் ஒரே பழுது வர்ற வாய்ப்பு கூடும். அதனால டாக்டர் "சொந்தத்துல கல்யாணமா"ன்னு கேட்டா கூச்சப்படாம மாமன் மக, அயித்தை மகன்னு உள்ளதச் சொல்லுங்க, நம்மளக் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல.

கடைசியா, "எனக்கெல்லாம் சளியே பிடிக்காது"ன்னு பெருமையா சொல்றவங்க. தொத்துனவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு அறிகுறியே தெரியாது, ஆனா வைரஸ் மூக்குல இருக்கும். பேறுகாலத்துக்கு வந்த பொண்ணு வீட்டு உள்பக்கம் இரண்டாங்கட்டுல பச்சப்பிள்ளையோட படுத்திருந்தா, தும்முறவங்க மட்டுமில்ல, நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் தூக்கணும், மூஞ்சியில முத்தம் வேண்டாம்.