ஸ்கிரிப்ட் முடிந்ததும் டெர்மினலும் மூட வேண்டுமா?

உவர்மலைப் பக்கம் எங்கள் கணினி வகுப்பில் ஒரே கணினியில் காலையில் ஒருவர், பின்னேரம் இன்னொருவர். நகல் எடுக்கும் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) லினக்ஸில் ஓடவிட்டு, டெர்மினலை, அதாவது கட்டளை தட்டச்சு செய்யும் ஜன்னலை, மூடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டால் அடுத்து வருபவர் கையில் உங்கள் கணக்கு முழுதும் கிடக்கும். அதனால்தான் பலரும் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எக்ஸிட் (exit) என்று எழுதுகிறார்கள். ஆனால் டெர்மினல் மூடாது.

காரணம் இதுதான்: நகல் என்ற ஸ்கிரிப்டை ./நகல் என்று ஓட்டும்போது, அந்த ஸ்கிரிப்டுக்கென்றே பாஷ் (நீங்கள் தரும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) புதிதாக இன்னொரு பாஷைத் தொடங்குகிறது, எக்ஸிட் முடிப்பது அந்தப் புதியதை மட்டுமே, நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் ஷெல்லை அது தொடுவதே இல்லை.

எனவே . ./நகல் என்று ஓட்டுங்கள். முன்னால் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளிக்குப் பதில் சோர்ஸ் (source) என்றும் எழுதலாம். இப்போது ஸ்கிரிப்ட் உங்கள் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் எக்ஸிட் வந்ததும் செஷன் முடிந்துவிடும். வெறும் எக்ஸிட் போடாமல், நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளைக்குப் பின்னால் && எக்ஸிட் என்று சேர்ப்பதையே நான் சொல்வேன்; நகல் தோற்றுப்போனால் டெர்மினல் திறந்தே இருக்கும், பிழைச் செய்தியை நீங்கள் வாசிக்கலாம். அதே காரணத்துக்காக, நடுவில் பிழை வரும் இடங்களில் எழுதியிருக்கும் எக்ஸிட் 1 எல்லாவற்றையும் ரிட்டர்ன் 1 (return 1, ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்தும்) என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் என்ன பிழை என்று பார்ப்பதற்குள் ஜன்னலே போய்விடும். தினமும் புள்ளி போட மறந்துபோகும் என்றால் பாஷ் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் இதை ஒரு ஃபங்ஷனாக, அதாவது பெயர் சொன்னால் ஓடும் கட்டளையாக, எழுதி வைக்கலாம்.

ஸ்கிரிப்டுக்குள் கில் -எச்யூபி $பிபிஐடி (kill -HUP $PPID) என்று எழுதும் வழியும் உண்டு. ஸ்கிரிப்டைத் தொடங்கிய தாய் ஷெல்லுக்கே ‘முடித்துக்கொள்’ என்ற சிக்னல் போகும். (-எச்யூபி இல்லாமல் வெறும் கில் அனுப்பினால் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பாஷ் அதைக் கண்டுகொள்ளாது.) எனக்கு இது பிடிக்காது. அந்த ஷெல் பின்னணியில் ஓடும் உங்கள் மற்ற வேலைகளுக்கும் அதே சிக்னலை அனுப்பிவிடும், ஸ்கிரிப்டை வேறொரு புரோகிராம் தொடங்கியிருந்தால் அடி விழுவது அந்தப் புரோகிராமுக்கு.

விண்டோஸில் ஸ்கிரிப்டாக ஓடும் பேட்ச் கோப்பில் நிலைமை தலைகீழ்: எக்ஸிட் ஜன்னலையே மூடும், ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்த எக்ஸிட் /பி வேண்டும்.

எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் வலையமைப்பு வழியாக நுழையும் வழி) வழியாகச் சேர்வருக்குள் போய் ஓட்டுகிறீர்களா? அப்போது முடிவது சேர்வர் செஷன் மட்டும், மேசையில் உள்ள டெர்மினலுக்கு இன்னொரு எக்ஸிட் நீங்களே கொடுக்க வேண்டும்.