புல்கே சுவைத்துப் பார்க்க மெக்சிகோ போகிறவர்களுக்கு ஒரு வழிமுறை

மெக்சிகோவின் மதுவகைகளான டெகீலாவும் மெஸ்காலும் காய்ச்சி வடித்தவை. பாட்டிலில் அடைத்தால் வருடக்கணக்கில் தாங்கும், எந்த விமான நிலையக் கடைக்கும் வந்து சேரும். புல்கே அந்த வகை இல்லை. மகேய் என்ற கற்றாழை வகையின் சாறு தானாகப் புளித்து உண்டாகும் பானம் அது. புளிப்பது ஒரு கட்டத்தில் நிற்பதும் இல்லை. இன்று காலை இனிப்பாக இருப்பது நாளை சுள்ளென்று ஏறும், அதற்கு அடுத்த ஓரிரு நாளில் வாயில் வைக்க முடியாது. நல்ல புல்கே வேண்டுமென்றால் அது ஊறும் இடத்துக்கு, அது ஊறும் நேரத்தில் போக வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அந்த நேரக் கணக்கை வைத்துத்தான்.

படி 1: என்ன குடிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் வேலியோரமும் ரயில் பாதையோரமும் நிற்கும் ஆனைக்கற்றாழையின் நெருங்கிய உறவுதான் மகேய். மத்திய மெக்சிகோவின் மேட்டு நிலங்களில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதன் நடுவில் ஊறும் இனிப்புச் சாற்றுக்கு அகுவாமியெல் என்று பெயர். அது புளித்தால் புல்கே. பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு என்று சொன்னால் நமக்குச் சட்டெனப் புரிந்துவிடும். இது வெறும் ஒப்புமையும் அல்ல. சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவை ஜெர்மன் ஆய்வாளர் பால் லிண்ட்னர் 1920களில் புல்கேயிலிருந்துதான் பிரித்தெடுத்தார். பனை, ஈச்சைக் கள்ளைப் புளிக்க வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. புல்கேயில் கூடவே லூகோனோஸ்டாக் என்ற இன்னொரு பாக்டீரியாவும் வேலை செய்கிறது. அது சர்க்கரையிலிருந்து ஒரு பசையை உண்டாக்கும். முதல் முறை குடிப்பவர்கள் முகம் சுளிக்கும் அந்த வழுவழுப்பு அங்கிருந்து வருகிறது.

ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதம், அதாவது பீர் அளவுதான்.

படி 2: நகரமா, வயலா?

இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வயலைத் தேர்ந்தெடுங்கள்.

வயல் என்றால் அபான் சமவெளி. மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே இதால்கோ, த்லாஸ்காலா, மெக்சிகோ மாநிலம் மூன்றும் சேரும் இடத்தில் விரியும் உயரமான, குளிர்ந்த நிலம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அசியெந்தா எனப்படும் பெரும் பண்ணைகள் புல்கேயால் கொழித்தன. அதற்குக் காரணம் ரயில். மெக்சிகோ நகரத்தையும் வெராக்ரூஸ் துறைமுகத்தையும் இணைக்கும் பாதை 1873 ஜனவரி 1 அன்று முழுதாகத் திறக்கப்பட்டது, அது இந்தச் சமவெளி வழியாகப் போனது. இரண்டு நாளில் கெடும் சரக்கை நகரத்துக்குச் சில மணி நேரத்தில் கொண்டுபோக வழி கிடைத்ததும் பண்ணையார்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களில் இக்னாசியோ தோர்ரெஸ் அதாலித் என்பவரைப் 'புல்கே ராஜா' என்றே அழைத்தார்கள். பிறகு புரட்சி, நிலப் பங்கீடு, பீர் கம்பெனிகளின் வளர்ச்சி என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. பல அசியெந்தாக்கள் இன்று இடிபாடு, சில விடுதிகள், சிலவற்றில் இன்னும் சாறு எடுக்கிறார்கள். த்லாஸ்காலாவில் நானாகமில்பா என்ற ஊரைச் சுற்றி இந்தத் தொழில் உயிரோடு இருக்கிறது.

நகரம் என்றால் புல்கேரியா, அதாவது புல்கே கடை. ஒரு காலத்தில் தலைநகரில் நூற்றுக்கணக்கில் இருந்தவை, இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஆனால் கடந்த இருபது வருடங்களில் இளைஞர் கூட்டம் மறுபடி உள்ளே வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தியோதிவாகான் பிரமிடு பார்க்கப் போகும் பஸ் டூர்களில் வழியில் ஒரு கைவினைக் கடையில் இறக்கிவிடுவார்கள். மகேய் முள்ளை உடைத்து இழுத்தால் நாரோடு சேர்ந்து ஊசியும் நூலுமாக வருவதைக் காட்டுவார்கள் (அது அழகுதான்), மூடி அளவு கோப்பையில் புல்கே தருவார்கள், அப்புறம் எரிமலைக் கண்ணாடிப் பொம்மை விற்பார்கள். அதைச் சுவைப் பயணம் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

சாறு எடுப்பது ஒரு நாளைக்கு இரண்டு வேளை: விடியற்காலை, மாலை. காலை பத்து மணிக்கு நகரத்தில் கிளம்பும் டூர் இரண்டையும் தவறவிடும். முந்தின இரவே பண்ணை விடுதியில் தங்குவது நல்லது. இல்லையென்றால் இருட்டோடு கிளம்புங்கள். சொந்தமாகப் போகிறவர்களுக்கு நகரத்தின் கிழக்குப் பேருந்து நிலையமான தாப்போவிலிருந்து த்லாஸ்காலா பக்கம் பஸ் உண்டு. சான் லாசரோ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அதை ஒட்டியே இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், சாற்றில் நீர் கலந்து இனிப்பு குறையும். சுவைதான் நோக்கம் என்றால் வறண்ட மாதங்கள் மேல். நானாகமில்பா காட்டில் மின்மினிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மின்னுவதும் மழைக்காலத்தில்தான், ஏறக்குறைய ஜூன் கடைசி முதல் ஆகஸ்டு வரை. அதற்காக இனிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை. எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் விடியற்காலை நடுக்கும்.

படி 4: பணம் கட்டும் முன் கேளுங்கள்

"சாறு எடுப்பதைப் பார்க்க முடியுமா, இல்லை பண்ணை வீட்டைச் சுற்றிக் காட்டுவது மட்டுமா?" என்பது முதல் கேள்வி. "நாங்கள் குடிக்கப்போவது எப்போது ஊறியது?" என்பது இரண்டாவது. இதற்கு நாள் கணக்கில் பதில் சொல்லத் தெரியாத வழிகாட்டியை விட்டுவிடுங்கள். சாப்பாடு உண்டா என்பதையும் கேளுங்கள், காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 5: வயலில் என்ன பார்க்க வேண்டும்

சாறு எடுப்பவருக்கு த்லாச்சிகேரோ என்று பெயர். முதலில் அவர் கையைக் கவனியுங்கள். செடியின் நடுவில் குழி, அதன் மேல் கல்லோ மடலோ வைத்து மூடியிருக்கும், இல்லாவிட்டால் இரவில் காட்டு விலங்குகள் குடித்துவிட்டுப் போய்விடும். மூடியை எடுத்துவிட்டு, அகோகோத்தே என்ற நீளமான சுரைக்குடுவையின் ஒரு முனையைக் குழியில் விட்டு, மறு முனையில் வாய் வைத்து உறிஞ்சுவார். சாறு குடுவைக்குள் ஏறும், அவர் வாய்க்கு வராது. சில இடங்களில் குடுவைக்குப் பதில் கண்ணாடியிழைக் குழாய் வந்துவிட்டது. பிறகு ஓரம் கூரான ஒரு கரண்டியால் குழியின் சுவரைச் சுரண்டுவார். சுரண்டாவிட்டால் காயம் ஆறிச் சாறு நின்றுவிடும்.

அந்தச் செடிக்கு வயது என்ன என்று கேளுங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஏதாவது சொல்வார். மகேய் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். பூந்தண்டு கிளம்பும் தறுவாயில் அதன் குருத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். பூவுக்காகச் சேர்த்து வைத்த சர்க்கரை முழுவதும் அந்தக் குழியில் சுரக்கும், மூன்று முதல் ஆறு மாதம் வரை, நாளுக்குச் சில லிட்டர். அதோடு செடி செத்துவிடும். பத்து வருடம் காத்திருந்து ஆறு மாதம் எடுக்கும் விவசாயம் இது. இளைஞர்கள் ஏன் பார்லி பயிருக்கு மாறினார்கள் என்பது அங்கே நின்று பார்த்தால் புரியும். அதனால் த்லாச்சிகேரோவுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுங்கள்.

குழியிலிருந்து எடுத்த அகுவாமியெல்லை அங்கேயே குடித்துப் பாருங்கள். லேசான பச்சை வாசனை, தெளிந்த இனிப்பு. இந்தச் சுவையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், இனி குடிக்கும் ஒவ்வொன்றிலும் இது எவ்வளவு மீதி இருக்கிறது என்றுதான் பார்க்கப்போகிறோம்.

படி 6: தினகால்

புல்கே ஊற வைக்கும் கூடத்துக்குத் தினகால் என்று பெயர். அந்தக் காலத்தில் மரச்சட்டத்தில் மாட்டுத்தோலைத் தொட்டிபோல் கட்டி அதில் ஊற வைத்தார்கள், இப்போது பெரும்பாலும் மரம், பிளாஸ்டிக், கண்ணாடியிழை. பழைய புல்கேயில் கொஞ்சம் எடுத்து வைத்து அதில் புதுச் சாற்றைச் சேர்ப்பார்கள். அந்த மூலத்துக்குச் செமீயா என்று பெயர், விதை என்று பொருள். உள்ளே நுழையும் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், சாற்றை ஊற்றும்போது இறைவனைத் துதித்துப் பாட வேண்டும் என்பது பழைய வழக்கம். நீங்களும் கழற்றிவிடுங்கள். வாசனைத் திரவியத்தை அன்றைக்கு மட்டும் தவிர்த்தால் உங்கள் மூக்குக்கே நல்லது.

இங்கே யாராவது 'மூட்டை' கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சாணத்தைத் துணியில் கட்டித் தொட்டியில் போட்டுத்தான் புளிக்க வைக்கிறார்கள் என்ற வதந்தி அது. பீர் கம்பெனிகள் பரப்பியதாகப் புல்கேக்காரர்கள் சொல்வார்கள். யார் கிளப்பினாலும் சரி, புல்கேயின் பெயரை அது கெடுத்தது உண்மை. செமீயா இருக்கும்போது வேறு எதுவும் போடத் தேவையில்லை.

படி 7: குடிக்கும் வரிசை

வரிசைதான் முக்கியம். அகுவாமியெல் ஏற்கெனவே ஆயிற்று. அடுத்து அன்றைய இளம் புல்கே, அதற்கடுத்து ஒரு நாள் கூடுதலாக ஊறிய காட்டமான புல்கே. பழம் சேர்த்தவை எல்லாம் அப்புறம். பெரும்பாலான டூர்கள் வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று ஸ்ட்ராபெரி போட்டதை முதலில் நீட்டும். வாங்காதீர்கள். இனிப்பு நாக்கில் ஒட்டியபின் வெறும் புல்கே வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

வெள்ளை நிறமாக, மேலே லேசான நுரையோடு இருக்க வேண்டும். முகர்ந்தால் புளிப்பு வரலாம், வினிகர் நெடியோ அழுகல் வாடையோ வரக் கூடாது. கோப்பையைச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள்: கொஞ்சம் கனமாக விழுந்து அறுபட வேண்டும். அறுபடாமல் நூலாக இழுத்துக்கொண்டே வந்தால் பழசு, அல்லது சப்பாத்திக்கள்ளியின் கொழகொழப்பைச் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீராக ஓடினால் தண்ணீர்தான். உறிஞ்சி வாயில் வைத்துச் சப்பாமல், ஒரு வாய் நிறைய எடுத்து விழுங்குங்கள், வழுவழுப்பு அவ்வளவாக உறுத்தாது. இரண்டாவது வாயில்தான் சுவையை யோசிக்க முடியும்.

கோப்பையில் கடைசியாக மிஞ்சியதைத் தரையில் வீசுவார்கள், பயப்பட வேண்டாம். அது விழுந்து வால் வளைந்த தேள்போல் நீண்டால் நல்ல சரக்கு என்று கணக்கு. பண்ணையில் வீசிப் பாருங்கள், ஓட்டல் தரையில் வேண்டாம்.

இப்போது பழம் கலந்தவை. குராதோ என்று பெயர். கொய்யா, சப்பாத்திக்கள்ளிப் பழம் இரண்டும் முதலில். பிறகு செலரி, விளிம்பில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தருவார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். கடைசியில் பைன் கொட்டை, ஓட்ஸ் போன்ற கனமானவை. இவற்றில் பெரும்பாலும் கெட்டிப்பால் சேர்ப்பார்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: நகரத்துப் புல்கேரியா

சான் ஹுவான் சந்தைக்குப் பக்கத்தில் அராந்தா தெருவில் லாஸ் துவெலிஸ்தாஸ், மெசோனெஸ் தெருவில் லா ரீசா, எஸ்காந்தோன் பகுதியில் லா பிராத்தா. முதல் முறைக்கு லாஸ் துவெலிஸ்தாஸ் போங்கள், சுவரெல்லாம் அஸ்தெக் தெய்வங்கள், கூட்டமும் கலகலப்பும். மகேய்க்கு அதிபதியான மயாவெல் தேவியைச் சுவரில் தேடிப் பாருங்கள். புல்கேரியாக்கள் மதியம் களைகட்டி இரவு சீக்கிரம் மூடிவிடும், சில ஞாயிறு திறக்காது. மதியம் ஒன்று, இரண்டு மணிக்குப் போனால் அன்று வந்த சரக்கு கிடைக்கும்.

கரும்பலகையில் அன்றைய குராதோக்கள் எழுதியிருக்கும். "புவேதோ ப்ரோபார்?" என்று கேட்டால் ருசி பார்க்கக் கொஞ்சம் தருவார்கள். வெறும் புல்கே வேண்டுமென்றால் "பிளாங்கோ" என்று சொல்லுங்கள். பழைய கடைகளில் பெண்களுக்குத் தனி அறையோ ஜன்னலோதான் இருந்தது, உள்ளே அனுமதி இல்லை. இன்று அந்தத் தடை இல்லை, பெண்கள் கூட்டமாகவே வந்து உட்காருகிறார்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும். முகங்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

படி 9: வயிறு

புல்கே இன்னும் ஒரு படி ஏறினால் இறைச்சி ஆகிவிடும் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு, அவ்வளவு சத்தாம். பழக்கமில்லாத வயிற்றை அது கலக்கவும் செய்யும். முதல் நாள் எல்லாம் சேர்த்து அரை லிட்டரோடு நிறுத்துங்கள். பீரோடு கலக்காதீர்கள். உயரமான இடம் என்பதால் போதை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஏறும்.

வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. மகேய் மடலில் பொதிந்து மண்ணுக்குள் வேக வைத்த பார்பகோவா ஆட்டிறைச்சி அந்தப் பக்கத்து ஞாயிறு சாப்பாடு. கூடவே காய்ந்த மிளகாயைப் புல்கே விட்டு அரைத்த சட்னி வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பூசணிப் பூ வைத்து மடித்த ரொட்டியான கெசதீயா கேளுங்கள், மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு.

மிச்சத்தை அறைக்கு எடுத்துப்போக நினைத்தால் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் மட்டும் நிரப்பி, மூடியை இறுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பஸ்ஸில் அது ஊறிக்கொண்டேதான் வரும், இறுக்கினால் வெடிக்கும். அன்றிரவே குடித்துவிடுங்கள். டப்பாவில் அடைத்த புல்கேயைக் கடையில் பார்ப்பீர்கள். நொதிப்பதை நிறுத்தி அடைத்த சரக்கு அது, வயலில் குடித்தது போல இருக்காது.