ஆண்டு விழா முடிந்ததும் மேடை செட்டைப் பிரிப்பது எப்படி?

நாட்டுப்பண் முடிந்த கையோடு "நாங்களும் ஒரு கை பிடிக்கிறோம் சார்" என்று பத்துப் பெற்றோராவது மேடையேறுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தால் அரை மணி நேரத்தில் அரண்மனை விறகாகிவிடும். என் பிள்ளைகளின் பள்ளி இசை நாடகத்துக்கு மூன்று வருடம் செட் பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1. முதலில் யாரும் எதையும் தொடாதீர்கள். செட்டைக் கட்டியவர் யாரோ (பெரும்பாலும் டிராயிங் சார்) அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். வேஷத்தோடு போட்டோ எடுக்க வரும் பிள்ளைகளைக் கீழே அனுப்புங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

2. மின்சாரத்தை மைக்செட்காரர்தான் துண்டிக்க வேண்டும். அதற்கு முன் ஹால் டியூப்லைட் எரிகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் மெயினை அணைத்ததும் ஹாலே இருண்டுபோனது. அப்போது ஏணி உச்சியில் ஒருவர்! 1000 வாட் பார் (PAR) மேடை விளக்குகள் ஆறும்வரை அவற்றின் பக்கம் போக வேண்டாம். வயரை முழங்கையில் சுற்றினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். தரையில் பெரிய வட்டமாகப் போடுங்கள்.

3. வாடகைக் கிரீடம், வாள், உடைகளை எல்லாம் சீட்டைப் பார்த்து எண்ணி மூட்டை கட்டுங்கள்.

4. திரைச்சீலையைக் கீழிருந்து இழுக்காதீர்கள், கிழியும். கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து இறக்குங்கள். பெயின்ட் அடித்த சீலையை மடித்தால் மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். பிவிசி பைப்பில் சுருட்டுங்கள்.

5. அடுத்து தட்டிகள், அதாவது செட்டில் சுவராக நிற்கும் பலகைகள். அடிபடுவது இங்கேதான். 8க்கு 4 அடி பிளைவுட், 18 மி.மீ. கனம் என்றால் ஒன்றே சுமார் 30 கிலோ. அதைத் தாங்கி நிற்பது பின்னால் சாய்வாக அடித்த முட்டுக்கட்டை மட்டும்தான். புதிதாக வருபவர் முதலில் கை வைப்பதும் அதில்தான்! இரண்டு பேர் தட்டியை இரு பக்கமும் பிடித்து "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுத்த பிறகே மூன்றாமவர் முட்டுக்கட்டையைக் கழற்றலாம். மீறிச் சாய்ந்தால் வீரம் காட்டித் தாங்க வேண்டாம். கத்திவிட்டு விலகுங்கள், பலகை போனால் போகட்டும்.

பிறகு படுக்கவைத்து ஆணி பிடுங்குங்கள். கூர் முனையைப் பின்பக்கமிருந்து தட்டினால் தலை எழும்பும். சுத்தியலின் பிளவில் கொண்டையை மாட்டி, அடியில் ஒரு கட்டைத்துண்டு வைத்து நெம்புங்கள். பலகையில் பள்ளம் விழாது. வராத ஆணியை மடக்கி அடித்துவிடுங்கள். ஆணி மேலே பார்த்தபடி பலகையை ஒருபோதும் போடாதீர்கள். ஸ்க்ரூ எல்லாம் காலி பெயின்ட் டப்பாவுக்கு.

6. உடையாத தெர்மாகோல் தூண்களைப் பழைய ஃப்ளெக்ஸில் சுற்றி, பரண்மேல் ஏற்றுங்கள். உடைந்ததை மைதானத்தில் கொளுத்தலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அந்தக் கரும்புகை நெஞ்சை அடைக்கும், விடாதீர்கள்.

7. பெருக்கியதோடு விடாமல், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேடை முழுக்க இழுங்கள். போன முறை துடைப்பத்துக்குத் தப்பிய ஆணிகளே ஒரு கைப்பிடி தேறின. திங்கட்கிழமை காலை அதே மேடையில்தான் வெறுங்காலோடு யோகா வகுப்பு.