கெலுலுட் கூட்டில் தேன் எடுக்க ஒரு சிரிஞ்சு போதும்

எங்கள் வீட்டுக் கூட்டில் முதல் தடவை எடுத்த தேனை ஒரு கரண்டி வாயில் விட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தார். "என்னடா புளிக்குது? கெட்டுப் போச்சா?" கெடவில்லை. கெலுலுட் தேன் அப்படித்தான். புளிப்பு முந்திக்கொள்ளும், இனிப்பு பின்னால் வரும், தண்ணீர் மாதிரி ஓடும்.

தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பார்களே, அதற்குச் சொந்தம் இந்தக் கெலுலுட். கொட்டாது என்பதால் பினாங்கில் வீட்டுக் கொல்லைக்குத் தோதானது. ஆயர் ஈத்தாமில் எங்கள் ரம்புத்தான் மர நிழலில் ஒரே ஒரு கூடு இருக்கிறது. 'இத்தாமா' எனப்படும் கறுப்பு இனம். கீழே மரக்கட்டைக்குள் குஞ்சுகள், கட்டையின் தலையில் பொருத்திய பலகைப் பெட்டியில் தேன். கீழ்க்கட்டையில் கை வைக்கவே கூடாது. நமக்கு வேலை மேல்பெட்டியில் மட்டும்.

எப்போது எடுப்பது?

செப்டம்பர், அக்டோபரில் வேண்டாம். மழை கொட்டுகிற மாதங்களில் தேனீக்கள் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் காலம் தள்ளும். நான் தைப்பூசத்தை ஒட்டி எடுப்பேன். நல்ல வெயில் காலம், தண்ணீர்மலை முருகனுக்குத் தினைமாவோடு வைக்க வீட்டுத் தேனும் ஆயிற்று. மழையில்லாத நாளில் காலை 9 மணிக்கு மேல் தொடங்குங்கள். பாதித் தேனீக்கள் வெளியே போயிருக்கும்.

என்னென்ன வேண்டும்?

பார்மசியில் ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சு, அதன் முனையில் மாட்ட ஒரு சாண் சிலிகான் டியூப், கண்ணாடி ஜாடி, பல்குச்சி, மல் துணி, டேப். நிறையக் கூடு வைத்திருப்பவர்கள் உறிஞ்சும் பம்ப் வைத்திருப்பார்கள். ஒரு கூட்டுக்கு அது வீண் செலவு. தலைக்கும் காதுக்கும் சேர்த்து ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். கொட்டாது என்றேனே தவிர, கடிக்காது என்று சொல்லவில்லை. முடிக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது பெரிய பாடு.

இனி பெட்டியைத் திறக்கலாம்

பலகையைத் தூக்கினால் அடியில் பிளாஸ்டிக் தாள் பிசினால் ஒட்டியிருக்கும். ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். உள்ளே பெரிய திராட்சை அளவில், பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிக் குடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துத் தேனீக்களே கட்டியவை. வாய் மூடிய குடத்தில்தான் பக்குவமான தேன் இருக்கும். வாய் திறந்திருந்தால் இன்னும் நிரம்பவில்லை, விட்டுவிடுங்கள்.

எல்லாக் குடத்திலும் தேன் இருக்காது. சிலவற்றில் மகரந்தம். விரலால் லேசாகத் தொட்டால் தேன் குடம் தண்ணீர்ப் பை போல் அமுங்கும், மகரந்தக் குடம் கெட்டியாக நிற்கும். சந்தேகமென்றால் பல்குச்சியால் குத்துங்கள். மஞ்சள் மாவு ஒட்டிவந்தால் அதைத் தொட வேண்டாம்.

குடத்தின் உச்சியில் சின்னத் துளை போட்டு, டியூபை உள்ளே விட்டு, சிரிஞ்சை மெல்ல இழுங்கள். 'வெடுக்'கென்று இழுத்தால் தேனோடு தேனீயும் வரும். குடம் உடையாமல் இருந்தால் தேனீக்கள் துளையை அடைத்துவிட்டு அதிலேயே மறுபடி நிரப்பும். இந்தப் பொறுமை எனக்கு முதல் வருஷம் இல்லை. குடங்களைக் கையால் அள்ளிப் பிழிந்தேன். தேன், மகரந்தம், செத்த தேனீ எல்லாம் ஒரே கலங்கல். சிந்திய தேனுக்கு மறுநாளே சின்ன ஈக்கள் வந்து பெட்டிக்குள் முட்டையிட்டுவிட்டன. கூடு தேறிவர மாதக் கணக்கானது.

அதனால் சிந்தியதை ஈரத்துணியால் துடைத்து, தாளைப் போட்டு, பலகையை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக் குடங்களாவது தொடாமல் இருக்கட்டும். கையில் ஒட்டிய பிசினுக்குச் சோப்பு உதவாது, சமையல் எண்ணெய் போட்டுத் தேயுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது

மல் துணியில் வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, ஐஸ்பெட்டியில் வையுங்கள். சாதாரணத் தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். பதப்படுத்தாத கெலுலுட் தேனுக்கு மலேசியத் தர நிர்ணயமே 35 வரை விடுகிறது. அவ்வளவு ஈரம் இருந்தால் நொதிக்கத்தான் செய்யும். இது தெரியாமல் ஒரு பாட்டிலை இறுக்கி மூடி அடுப்பங்கரையில் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது 'டப்' என்று நுரை கிளம்பி என் சட்டையெல்லாம் தேன். மூடியை லேசாகத் தளர்த்தியே வையுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலேசியக் கெலுலுட் தேனிலும் டிரெஹலுலோஸ் என்ற சர்க்கரை இருப்பதை 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது மெதுவாகத்தான் கரைந்து ரத்தத்தில் சேருமாம். அதற்காகத் தேனைக் குவளையில் ஊற்றிக் குடிக்க முடியாது.

போன தடவை எடுத்து மூன்று வாரம் கழித்து, தாளை உரிக்காமல் மேலிருந்தே பார்த்தேன். நான் குத்திய இடங்களில் எல்லாம் வெளிர் பழுப்பில் புது மெழுகு வட்டம். ஓரத்தில் இரண்டு குடங்கள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. பலகையை மூடிவிட்டு வந்துவிட்டேன்.