எழுத வராது என்பவரையும் எழுத வைக்க ஒரு தாள் போதும்

நாலு பேர் கூடி எழுதும் இடத்தில் "எனக்கெல்லாம் எழுத வராதுங்க" என்று ஒதுங்கி நிற்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் வெள்ளைத் தாளை நீட்டி "ஏதாவது எழுதுங்க" என்றால் மறுமுறை வரமாட்டார். அதற்குப் பதிலாக அந்தாதி விளையாடிப் பாருங்கள்.

முதல் ஆள் ஒரு வரி எழுதி, கடைசிச் சொல் மட்டும் தெரியும்படி தாளை மடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அந்தச் சொல்லில் தொடங்க வேண்டும். "அம்மாவின் புடவையில் இன்னும் மழை" என்று ஒருவர் உருகியிருப்பார். அடுத்தவருக்குத் தெரிவது "மழை" மட்டும்தானே, "மழை நாளில் கடன்காரன் வரமாட்டான்" என்று எழுதி வைப்பார்! (1925 வாக்கில் கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய பாரிஸின் சர்ரியலிஸ்ட்டுகளும் இப்படித் தாளை மடித்து விளையாடியவர்கள்தான். நம் அந்தாதி அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.)

ஒரு தாளுக்கு ஆறேழு பேர் போதும். அதற்கு மேல் ஆட்கள் கூடினால், காத்திருப்பவர்கள் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். எழுதக் கூச்சப்படுபவர் வரியை வாயால் சொல்லட்டும், பக்கத்திலிருப்பவர் எழுதட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தவே திருத்தாதீர்கள்.

தாளை விரித்து வாசிக்கும்போது எந்த வரி யாருடையது என்றும் கேட்க வேண்டாம். சிரிப்பு அடங்கியதும், ஒதுங்கி நின்றவரே மெல்லச் சொல்வார்: "அந்தக் கடன்காரன் என்னோடதுங்க."